எல்லோருக்கும் இரண்டாமவர்

சங்குமுனையில் நடந்த குடிபெயர்ப்புத் தலைவர் தேர்தலில் மெய்யநாதன் நின்றது ஜெயிப்பதற்காக இல்லை. ஆள் குறைந்தது, நின்றார்.

கடல் அந்த ஊருக்குள் வர ஆரம்பித்துப் பல வருஷங்களாகிவிட்டன. முதலில் மீன் ஏலக்கூடம் போனது. பிறகு பள்ளிக்கூட மைதானம். இப்போது கடற்கரைத் தெருவின் முதல் வரிசை வீடுகளில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மேற்கே, நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில், அரசாங்கம் புது ஊர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய இயந்திரங்கள் பற்பசையைப் பிதுக்குவதுபோல் சிமெண்டுக் குழம்பைப் பிதுக்கிச் சுவர் எழுப்பின. ஆனாலும் எல்லா வீட்டையும் ஒரே சமயத்தில் முடிக்க முடியாது. இப்போதைக்கு நானூறு வீடு; அடுத்தது எப்போது என்பது நிதி வருவதைப் பொறுத்தது. யார் முதலில் போவது, யார் காத்திருப்பது என்று முடிவு செய்யத்தான் ஒரு தலைவர் தேவைப்பட்டார்.

மூன்று பேர் மனு செய்திருந்தார்கள். கடற்கரைத் தெருவிலிருந்து சூசைமரியாள். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரி, கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருப்பவனுக்குக் கேட்கும். கடைத்தெருவிலிருந்து ஹார்டுவேர் கடை சண்முகபெருமாள். உப்பளத் தொழிலாளர் சங்கத்திலிருந்து காந்திமதி. மூவரும் அவரவர் ஆட்கள்தான் முதலில் போக வேண்டும் என்றார்கள். மூவரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லையே.

மெய்யநாதன் ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர். ஓட்டுகளை எப்படி எண்ணுவது என்பதைப் பற்றியே தன் வேலைக்காலம் முழுவதும் யோசித்தவர். அதைப் பற்றி ஒரு தடித்த புத்தகமும் எழுதியிருக்கிறார். அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டு பேர்: அவரும், அச்சுப்பிழை திருத்தியவரும். திருத்தியவரைப் பற்றி அவருக்கே சந்தேகம் உண்டு. இப்படிப்பட்டவருக்கு வயதான காலத்தில் ஒரு யோகம் அடித்தது. வரிசைப்படி ஓட்டுப்போடும் புதிய முறையைச் சோதித்துப் பார்க்க மாநிலத் தேர்தல் துறை அவருடைய சொந்த ஊரையே தேர்ந்தெடுத்து, ஆலோசகராக அவரையே போட்டது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் தேர்தல் அலுவலர் பர்வீன் வீட்டுக்கு வந்தாள்.

"சார், ஒரு சிக்கல். விதிப்படி குறைஞ்சது நாலு வேட்பாளர் வேணும். மூணு பேர்தான் இருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நாலாவது ஆள் வரலைன்னா சோதனைத் தேர்தல் ரத்து."

"எந்த மடையன் இப்படி ஒரு விதி போட்டான்?"

பர்வீன் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். விதியின் கீழே ஆலோசகர் கையெழுத்து. மெய்யநாதன் தன் கையெழுத்தை நன்றாக அடையாளம் கண்டுகொண்டார்.

"நான் நிக்கறது முறையில்ல மேடம். எண்ணுற முறையை நானே சிபாரிசு பண்ணிட்டு…"

"முறை போன மாசமே அரசிதழ்ல வந்தாச்சு சார். இனி நீங்க நினைச்சாலும் மாத்த முடியாது. ஆலோசகர் பதவிய ராஜினாமா பண்ணுங்க, மனுல கையெழுத்துப் போடுங்க." அவள் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க. நீங்க ஜெயிக்கப் போறதில்ல."

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது என்று மெய்யநாதனும் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் நகராட்சி மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடந்தது. மேடையில் நெற்றிப்பட்டை ஒன்று இருந்தது. காய்ச்சலுக்கு நெற்றியில் சுற்றும் ஈரத்துணி அளவுக்குத்தான் இருக்கும். வாக்காளர் அதைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். வேட்பாளர்களின் முகங்கள் இரண்டிரண்டாக வரும். மூளை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பட்டை படித்துக்கொள்ளும். முதலாவது யார், இரண்டாவது யார், கடைசி யார் என்ற வரிசை தானாக வந்துவிடும். கையால் எழுதச் சொன்ன இடங்களில் ஜனங்கள் தந்திரம் செய்தார்கள். பலமான போட்டியாளரை வேண்டுமென்றே கடைசியில் தள்ளினார்கள். பட்டையிடம் அந்த வேலை நடக்காது. வாக்காளருக்கே தெரியாத உண்மையையும் அது சொல்லிவிடும்.

"வரிசையெல்லாம் சரி," என்றார் சண்முகபெருமாள். "அப்புறம் எண்ணுறதுல என்ன சார் முறை? யாருக்கு அதிகமா முதல் இடமோ அவரு ஜெயிச்சாரு. இதுக்கு ஒரு பேராசிரியர் எதுக்கு?"

மெய்யநாதன் இந்தக் கேள்விக்காக முப்பது வருஷம் காத்திருந்தவர். துள்ளி எழுந்தார்.

"அது பழைய முறை. அதுல நூத்துக்கு நாப்பது பேருக்குப் பிடிச்சவர், அறுபது பேருக்கு ஆகாதவரா இருந்தாலும் ஜெயிச்சிடுவார். இன்னொண்ணு, கழிச்சுக்கிட்டே போற முறை. முதல் ஓட்டு கம்மியா வாங்குனவரை வெளியேத்தி, அவரோட ஓட்டை அடுத்த விருப்பத்துக்குத் தள்ளணும். ஒருத்தர் பாதியத் தாண்டற வரைக்கும் இப்படியே. மூணாவது, இடத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடுற முறை. நாம வெச்சிருக்கறது நாலாவது. ஒவ்வொரு ரெண்டு பேரையும் தனித்தனியா மோத விடுவோம். இவரா அவரான்னு கேட்டா எத்தனை பேர் யார் பக்கம்? மத்த எல்லாரையும் நேருக்கு நேர் ஜெயிக்கிற ஆள்தான் தலைவர்."

"அதாவது மல்லுக்கட்டு," என்றாள் சூசைமரியாள்.

"அப்படியும் சொல்லலாம்."

"அப்ப சரி. நமக்குத் தோதான முறைதான்."

பின்வரிசையிலிருந்து காந்திமதி எழுந்தாள். உப்பளத்து வெயிலில் கறுத்த முகம், அதிகம் பேசாத ஆள். "சார், ஒரு சந்தேகம். ஒருத்திக்கு இவங்களவிட அவங்க கொஞ்சம் தேவலைன்னு இருக்கும். இன்னொருத்திக்கு இவங்க வந்தா நான் செத்தேன்னு இருக்கும். ரெண்டும் பட்டைக்கு ஒண்ணுதானா?"

பட்டையால் அந்த அளவையும் படிக்க முடியும். அதை நிறுத்திவைக்கச் சொன்னதே மெய்யநாதன்தான். "ஆத்திரக்காரனுக்கு ரெண்டு ஓட்டு, சாதுவுக்கு அரை ஓட்டுன்னு ஆயிடும்மா. வரிசை மட்டும் போதும். எடை வேண்டாம்."

காந்திமதி "ஓ" என்று சொல்லி உட்கார்ந்தாள். அந்த "ஓ"வில் சம்மதம் இருந்ததாக மெய்யநாதன் எடுத்துக்கொண்டார்.

தேர்தல் முடிந்து சாயங்காலமே முடிவு வந்தது. பர்வீன் மண்டபத்தில் அதை வாசிக்கத் தொடங்கும்போதே அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. முதல் விருப்பம்: சூசைமரியாளுக்கு நூற்றுக்கு நாற்பது, சண்முகபெருமாளுக்கு முப்பத்தைந்து, காந்திமதிக்கு இருபத்தைந்து. மெய்யநாதனுக்குப் பூஜ்யம்.

"நூத்துக்குப் பூஜ்யமா, மொத்தமே பூஜ்யமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மொத்தமே பூஜ்யம்," என்றாள் பர்வீன். மண்டபத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. மெய்யநாதனும் சிரிக்க முயன்றார். ஓட்டுச்சாவடியில் அவர் தன் முகத்தை ரொம்பப் பிரியமாகத்தான் பார்த்தார். ஆனால் பட்டை உள்ளே போய்ப் படித்திருக்கிறது. அவருடைய மூளைக்கும் அவர் முதல் ஆள் இல்லை.

"இப்ப நேருக்கு நேர்," என்று பர்வீன் தொடர்ந்தாள். "மெய்யநாதனா, சூசைமரியாளா? அறுபது பேர் மெய்யநாதன் பக்கம். மெய்யநாதனா, சண்முகபெருமாளா? அறுபத்தஞ்சு பேர் மெய்யநாதன் பக்கம். மெய்யநாதனா, காந்திமதியா? எழுபத்தஞ்சு. மூணு பேரையும் ஜெயிச்சதால மெய்யநாதன் சார்…" அவள் அவரைப் பார்த்தாள். "சார்தான் தலைவர்."

ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரும் அவரை இரண்டாவதாக வைத்திருந்தார்கள்.

சூசைமரியாள் மேடைக்கே வந்துவிட்டாள். "நாப்பது எனக்கு, ஒண்ணுமே இல்ல உங்களுக்கு. நீங்க எப்படி சார் ஜெயிச்சிய?"

"உங்களுக்குப் போடாத அறுபது பேரும் உங்களவிட நான் பரவாயில்லன்னு நினைக்காங்கம்மா."

"கழிச்சு எண்ணியிருந்தா?" என்று சண்முகபெருமாள் கேட்டார். வியாபாரி, மனக்கணக்கு பலம். மெய்யநாதன் பொய் சொல்லத் தெரியாதவர். "முதல்ல நான் போயிருப்பேன். அப்புறம் காந்திமதியம்மா. அவங்க ஆளுங்க எனக்கு அடுத்ததா உங்களைத்தான் வெச்சிருக்காங்க. நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

"பழைய முறைன்னா அந்தம்மா. கழிச்சா நான். மல்லுக்கட்டுனா நீங்க. ஓட்டு ஒண்ணுதான், தலைவர் மட்டும் மூணு பேரு!" சண்முகபெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாமே சார்."

வீட்டுக்குப் போனதும் மனைவி தவமணிக்கு எல்லாவற்றையும் விளக்கினார். அவள் வெங்காயம் நறுக்கியபடியே கேட்டாள்.

"எனக்குத் தோசை பிடிக்கும், உங்களுக்குப் பூரி பிடிக்கும், உங்க தம்பி வந்தா இடியாப்பம் கேப்பாரு. சண்டை வேண்டாம்னு கடைசியில என்ன பண்ணுவேன்?"

மெய்யநாதனுக்கு விளங்கிவிட்டது. "உப்புமா."

"அதான் நீங்க," என்றாள் தவமணி. நறுக்கிய வெங்காயத்தை வழித்துப் போட்டுவிட்டு, "நானும் சூசைமரியாளத்தான் முதல்ல நினைச்சேன் போலிருக்கு. வேணும்னு இல்ல," என்றாள். "தெரியும்," என்றார் அவர். "நானும் அப்படித்தான் போல."

உப்புமாத் தலைவர் என்ற பட்டம் மறுநாளே ஊர் முழுவதும் பரவியது. மெய்யநாதனுக்கு அதில் வருத்தம் இல்லை. யாருக்கும் ஆகாதவரைவிட எல்லோருக்கும் பரவாயில்லாதவர் மேல் என்பதுதானே அவருடைய புத்தகம்! அந்த நம்பிக்கையோடு முதல் உத்தரவைப் போட்டார். நானூறு வீட்டையும் மூன்றாகப் பிரித்தார். கடற்கரைத் தெருவுக்கு ஒரு பங்கு, கடைத்தெருவுக்கு ஒரு பங்கு, உப்பளக் குடியிருப்புக்கு ஒரு பங்கு.

மூன்று பக்கமும் போய்ச் சொன்னார். "பரவாயில்ல சார்," என்றார் சண்முகபெருமாள். "பரவாயில்ல," என்றாள் காந்திமதி. சூசைமரியாள் மட்டும் முகத்தைச் சுளித்துவிட்டு, "சரி, ஒண்ணும் இல்லாததுக்கு இது பரவாயில்ல," என்றாள். மூன்று பரவாயில்லைகளையும் வாங்கிக்கொண்டு மெய்யநாதன் வெற்றி வீரராக வீடு திரும்பினார்.

ஒருவரும் கிளம்பவில்லை.

யாரும் எதிர்க்கவில்லை, மறியல் செய்யவில்லை. போகவும் இல்லை. ஒரு பங்கு வீடு ஒரு தெருவில் பாதிப் பேருக்குக்கூடப் போதாது; அண்ணன் போவான், தம்பி இருப்பான். கடைக்காரர் போவார், வாடிக்கையாளர் இருப்பார். "எல்லாரும் போறப்ப போறோம் சார்" என்றார்கள். மெய்யநாதன் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். புது ஊரில் நானூறு வீடும் பூட்டிக் கிடந்தன. தானோட்டி பஸ் ஒன்று தினமும் காலியாகப் போய்க் காலியாகத் திரும்பியது.

கடற்கரைத் தெரு முதல் வரிசையில் அமலோற்பவம் என்று ஒரு பெண் இருந்தாள். வீட்டு வாசலிலேயே ஆப்பக்கடை. அவள் வீட்டின் பின்சுவர் உப்பேறி, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது.

"அம்மா, உங்க பேரு முதல் பங்குல இருக்கு. இந்த வாரமே போயிருங்க," என்று மெய்யநாதன் கெஞ்சினார்.

"போவேன் சார். பக்கத்து வீட்டு ரோஸ்லினுக்குப் பேரு வரலல்லா? நான் மட்டும் அங்க போய் யாருக்கு ஆப்பம் சுட? பாக்கலாம்." ஒரு தட்டில் ஆப்பம் வைத்து நீட்டினாள். "நீங்க நல்லவிய சார். உங்க மேல யாருக்கும் ஒரு குறையும் கிடையாது."

அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிற்பாடு, பல மாதங்களுக்கு அந்தச் சந்தோஷம்தான் அவரை உறுத்தியது.

ஐப்பசி மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள், நல்ல பகலில், மழையோடு சேர்ந்து கடல் ஏறியது. பெரிய புயல் எதுவும் இல்லை, வழக்கமான ஏற்றம்தான். முதல் வரிசையில் ஏழெட்டுச் சுவர்கள் விழுந்தன. அமலோற்பவத்தின் பின்சுவர் உள்பக்கமாக விழுந்தது. அவள் ஆப்பமாவுச் சட்டியை மேடைமேல் தூக்கிவைக்க உள்ளே போயிருந்தாள்.

மெய்யநாதன் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் சுவரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சூசைமரியாள் முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக் கத்தி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் "தூக்கு" என்றால் பத்துப் பேர் குனிந்தார்கள். மெய்யநாதனும் ஒரு ஓரத்தைப் பிடித்தார். "தள்ளி நில்லுங்க சார்" என்று ஒருவன் மரியாதையாக அவரை நகர்த்தினான். அமலோற்பவத்தை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் சூசைமரியாளிடம் அவர் கேட்டார். "நான் எத்தனை தடவை சொன்னேன். ஏன்மா ஒருத்தரும் கேக்கல?"

அவள் அழுது முடித்திருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். "உங்க மேல யாருக்கும் பகை இல்ல சார். ஆனா பகை இல்லாத ஆளு சொன்னா வீட்ட விட்டு இறங்கிருவாங்களா? இறங்கணும்னா ஒண்ணு சொல்லுறவங்க மேல உசிரா இருக்கணும், இல்லன்னா பயமா இருக்கணும். உங்க மேல ரெண்டும் இல்ல."

"அப்ப நீங்க சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்ல? அண்ணன் போ, தம்பி இருன்னா? என் வாயால அத எப்படிச் சொல்லுவேன்?"

மெய்யநாதன் நடந்தே வீட்டுக்கு வந்தார். அமலோற்பவமும் அவரை இரண்டாவதாகத்தான் வைத்திருப்பாள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பட்டை அளந்திருக்கும். அதைத்தான் அவர் அணைத்துவைக்கச் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில் ஒரு கடலே இருந்திருக்கிறது. புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு எழுதியதாக ஞாபகம் வந்தது. சின்ன எழுத்தில், மூன்று வரி.

மறுநாள் அவர் இரண்டாவது உத்தரவைப் போட்டார். நானூறு வீடும் கடற்கரைத் தெருவுக்கே. முதல் மூன்று வரிசையும் அப்படியே, யாரையும் பிரிக்காமல், பக்கத்து வீடு பக்கத்து வீடாகவே போக வேண்டும். கடைத்தெருவுக்கும் உப்பளத்துக்கும் இப்போது ஒன்றும் கிடையாது.

உத்தரவை எடுத்துக்கொண்டு சூசைமரியாளிடம் போனார். அவள் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கடைத்தெருக்காரன் உங்கள உரிச்சிருவான் சார்."

"தெரியும்."

"உப்பளத்துக்காரங்களும்தான். அவங்களுக்கும் பின்னால தண்ணி வருது."

"அதுவும் தெரியும். இப்ப சொல்லுவீங்களா, போகச் சொல்லி?"

அவள் சொன்னாள். அந்த வாரமே மூன்று வரிசையும் கிளம்பின. காலியாக ஓடிக்கொண்டிருந்த பஸ் போதாமல் மீன் லாரிகள் வந்தன. கட்டில், வலை, கோழிக்கூடு, மாதா சுரூபம், சமையல் பாத்திரம் எல்லாம் ஏறின. மெய்யநாதன் ஒலிபெருக்கியோடு குறுக்கும் நெடுக்கும் ஓடினார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை, காபி தரவில்லை. "சார், இந்தப் பக்கம் பிடிங்க" என்று பீரோவின் ஒரு முனையைக் கொடுத்தார்கள். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவ்வளவு நிம்மதியான முதுகுவலி அவர் வாழ்க்கையில் வந்ததில்லை.

கார்த்திகையில் வந்த ஏற்றம் கடற்கரைத் தெருவின் இரண்டு வரிசையைச் சுத்தமாகக் கொண்டுபோனது. வீடுகளில் ஆள் இல்லை.

கடைத்தெரு அவரைச் சும்மா விடவில்லை. கொடும்பாவி எரித்தார்கள். அதற்குப் போட்டிருந்த சட்டை அவர் சட்டையைவிட நல்ல துணி என்று தவமணி சொன்னாள். சண்முகபெருமாள் கடையில் அவருக்கு ஆணி தர மறுத்தார்கள். உப்பளத்துப் பெண்கள் அவரைக் கண்டால் துப்பினார்கள். வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டால் மறுதேர்தல் என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியதும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கால்வாசி என்ன, பாதிக்கு மேல் கையெழுத்து வந்தது.

அதே நான்கு பேர் மீண்டும் நின்றார்கள். சூசைமரியாள் பேருக்கு நின்றாள். "எனக்குப் போடாதீங்க, சாருக்குப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

மண்டபம் இந்த முறை நிரம்பி வழிந்தது. பர்வீன் வாசித்தாள். முதல் விருப்பம்: மெய்யநாதனுக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு. சண்முகபெருமாளுக்கு முப்பத்தைந்து. காந்திமதிக்கு இருபத்துமூன்று. சூசைமரியாளுக்குப் பூஜ்யம்.

கடற்கரைத் தெரு ஆர்ப்பரித்தது. ஒருவன் மெய்யநாதனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அங்கே உட்கார்ந்தபடியே அவர் மிச்சத்தை மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். "என்னை இறக்கி விடுங்கப்பா," என்றார். "இன்னும் முடியல."

முடிந்தபோது அவர் நினைத்தபடியே இருந்தது. அவருக்கு முதல் இடம் தராத ஐம்பத்தெட்டுப் பேரும் அவரைக் கடைசியில் வைத்திருந்தார்கள். நேருக்கு நேர் மூன்று பேரிடமும் தோற்றார். கடற்கரைத் தெரு சண்முகபெருமாளைவிடக் காந்திமதி மேல் என்று நினைத்தது. கடைத்தெருவுக்கும் அவள்தான் இரண்டாவது. எல்லோரையும் ஜெயித்தவள், முதல் விருப்பத்தில் மூன்றாவதாக வந்த காந்திமதி.

கடைத்தெருவில் பட்டாசு வெடித்தது. சண்முகபெருமாள்தான் வாங்கிக் கொடுத்தார். தான் தோற்றது அவருக்குப் பெரிதாகப் படவில்லை போலும்.

சூசைமரியாள் அவரை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "சார், பழைய முறையில எண்ணியிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பிய. இல்லையா?"

"ஆமா."

"வக்கீல்ட்ட கேட்டுட்டேன். இந்த முறை சரியில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேஸ் நிக்குமாம். முறைய கொண்டாந்தவரே சொல்லுதார்னா கோர்ட்டு கேக்குமாம்."

மெய்யநாதன் அங்கே கிடந்த உடைந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தோற்ற பிறகு முறையைக் குறை சொல்லும் ஆட்களைப் பற்றி அவர் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே உண்டு. அதில் அவர்களை ரொம்பக் கேலி செய்திருந்தார். எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது! இப்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரு குரல் நன்றாகவே சொன்னது: நாற்பத்திரண்டு பேர் உன்னை முதலில் வைத்திருக்கிறார்கள். உன்னை. யோசித்துப் பார்.

யோசித்துத்தான் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே.

"சொல்ல முடியாதும்மா," என்றார் கடைசியில். "ஐம்பத்தெட்டுப் பேர் இந்த ஆளு மட்டும் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அது பொய்யில்ல. அவங்களுக்கு நான் செஞ்சது அநியாயம்தான். பட்டை சரியாத்தான் படிச்சிருக்கு."

"அப்ப முதல் தடவை?"

"அப்பவும் சரியாத்தான் படிச்சுது. நாற்காலியக் குடுத்துச்சு. உக்காந்து என்ன பண்ணணும்னு அது சொல்லல. அது நான்தான் தெரிஞ்சிருக்கணும்."

சூசைமரியாள் அவரை வெறித்துப் பார்த்தாள். "உங்களுக்காகத் தெருத் தெருவா தொண்டை கிழியக் கத்துனேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் அவருடைய நாற்பத்திரண்டில் பாதி கரைந்திருக்கும் என்று மெய்யநாதன் தோராயமாகக் கணக்குப் போட்டார்.

மறுநாள் காலை காந்திமதி வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ராத்திரி முழுக்க ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க சார். கடைத்தெருவுலருந்து வந்தாங்க, உங்க உத்தரவ ரத்து பண்ணணுமாம். சூசைமரியாள் அக்கா வந்தாங்க, ரத்து பண்ணக் கூடாதாம். எங்க சங்கத்து ஆளுங்க வந்தாங்க, அடுத்து கட்டுற முன்னூறு வீடும் நமக்குத்தானேன்னு கேட்டாங்க. எல்லார்ட்டயும் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"பரவாயில்ல, நீங்க நல்லாச் செய்வீங்கன்னாங்க."

எச்சரிக்க வேண்டும் என்று மெய்யநாதன் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது எதுவும் அவருடைய புத்தகத்தில் இல்லை. அதற்குள் தவமணி டீ கொண்டுவந்து வைத்தாள்.

காந்திமதி ஒரு வாய் குடித்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். எல்லாருக்கும் ரெண்டாவதா இருந்து வந்த நாற்காலி, ஒருத்தர் பக்கம் சாஞ்சா போயிருமா?"

"போயிரும்."

"எவ்வளவு நாள்ல?"

"கையெழுத்து வாங்கி, மனுப் போட்டு, தேதி குறிச்சு… நாலஞ்சு மாசம் ஆகும்."

"சாயலைன்னா?"

"இருக்கலாம். பதவிக்காலம் முழுக்க இருக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மெய்யநாதனுக்கு விளங்க ஒரு உயிர் தேவைப்பட்ட விஷயம், அவளுக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் விளங்கிவிட்டது.

"அடுத்த முன்னூறு வீடு வர்ற மாசம் முடியுது. நேத்து கடைத்தெருப் பக்கம் போய்ப் பாத்தேன். எண்ணெய்க்கடை சந்துல தரைக்கு அடியில தண்ணி ஊறுது. அவங்களுக்குத் தெரியல. எங்க குடிசை எல்லாம் ஓலையும் தகரமும். விழுந்தாலும் சாக மாட்டோம். அங்க எல்லாம் மாடி வீடு." டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். "கடைத்தெருவ முழுசா ஏத்திரப் போறேன். எங்க ஆளுங்க கடைசியில."

"உங்க சங்கத்துல சும்மா விடுவாங்களாம்மா?"

"விட மாட்டாங்க. என் வீட்டுக்காரரே மனுவுல முதல் கையெழுத்துப் போடுவாரு." அவள் எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாலஞ்சு மாசம்னு சொன்னீங்கள்ல? அதுக்குள்ள முன்னூறு குடும்பத்த ஏத்திரலாம். வாங்க சார், சண்முகபெருமாள் அண்ணாச்சிகிட்ட நீங்கதான் முதல்ல பேசணும். கடையப் பூட்டிட்டுக் கிளம்ப யோசிப்பாரு; உங்கள வையிற வேகத்துல, நான் சொல்லுறதுக்குச் சரின்னுருவாரு."

மெய்யநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.